பணம் போகும் வழியே திட்டம்

அரசுக் கலை அமைப்பு ஒன்று எதை மதிக்கிறது என்று தெரிந்துகொள்ள அதன் தொலைநோக்கு அறிக்கையைப் புரட்ட வேண்டாம். கடந்த மூன்று ஆண்டுகளில் யாருக்கு, எந்த ஊரில், எதற்காக, எவ்வளவு கொடுத்தது என்ற பட்டியலைப் பார்த்தால் போதும். ஆனால் ஐந்தாண்டுத் திட்டம் தயாரிக்க உட்காரும்போது அந்தப் பட்டியல்தான் கடைசியாக மேசைக்கு வருகிறது. பல இடங்களில் வருவதே இல்லை. இரண்டு நாள் பயிலரங்கு நடக்கிறது. தொலைநோக்கு, பணி இலக்கு, விழுமியங்கள், பலம், பலவீனம் என்று சுவரெல்லாம் தாள் ஒட்டுகிறார்கள். பிறகு வண்ண அட்டையோடு புத்தகம் வெளிவருகிறது. அதே வாரத்தில் கணக்கு அலுவலர் தன் அறையில், போன ஆண்டுத் தொகையோடு கொஞ்சம் கூட்டி அடுத்த ஆண்டு மதிப்பீட்டை எழுதி முடிக்கிறார். இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால் நடந்தது முழுவதும் இரண்டாவது கோப்பின்படி நடந்திருக்கும். இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதுதான்: திட்டத்தைக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். இப்போது பணம் எங்கே போகிறது என்பதை முதலில் எழுதுங்கள். அதில் எதை மாற்றுவீர்கள், அதற்காக எதைக் கைவிடுவீர்கள் என்பதை அடுத்து எழுதுங்கள். தொலைநோக்கு வாசகத்தை அதன் பிறகு எழுதினால் அது உண்மையாக இருக்கும்.

இதற்குச் சான்று தேட இங்கிலாந்தைவிட நல்ல இடம் இல்லை. பொதுப்பணத்தைக் கலைக்குக் கொடுக்கும் அமைப்புகளில் பழமையானவற்றுள் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் கணக்கும் விவாதங்களும் எழுத்தில் கிடைக்கின்றன. பிரிட்டன் கலை மன்றம் 1946-இல் அரச சாசனத்தால் அமைந்தது. அதை உருவாக்கிய பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ், சாசனம் வெளிவரும் முன்பே அவ்வாண்டு ஏப்ரலில் இறந்துவிட்டார். நாடு முழுவதும் மக்களுக்குக் கலை எட்ட வேண்டும் என்பது சாசனத்திலேயே இருந்த நோக்கம். ஆனால் தொடக்க ஆண்டுகளிலேயே நிதியில் பெரும் பங்கு லண்டனின் கோவன்ட் கார்டன் இசை நாடக அரங்குக்குப் போயிற்று. 1950களின் நடுப்பகுதிக்குள் மன்றம் தன் வட்டார அலுவலகங்களையும் மூடிவிட்டது. சாசனத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பணம் போன வழி மட்டும் வேறாக இருந்தது.

அரை நூற்றாண்டு தாண்டியும் கதை மாறவில்லை. 1994-இல் அந்த மன்றம் பிரிந்தபோது இங்கிலாந்துக்கெனத் தனி மன்றம் உருவாயிற்று. அது 2010-இல் பத்தாண்டுத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. மகத்தான கலை அனைவருக்கும் என்பது அதன் தலைப்பு, ஐந்து இலக்குகள். அதே இலையுதிர் காலத்தில் அரசு மன்றத்தின் மானியத்தை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைத்தது. மன்றம் அப்போது எடுத்த முடிவு துணிச்சலானது: ஏற்கெனவே ஆண்டுதோறும் வாங்கிவந்தவர்கள் உட்பட எல்லாரும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று அறிவித்தது. 1,300-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 2011 மார்ச்சில் 695 அமைப்புகள் தேர்வாயின. அதுவரை வழக்கமாக நிதி பெற்றுவந்த 200-க்கும் மேற்பட்ட அமைப்புகள் வெளியேறின. எல்லாருக்கும் ஒரே அளவாகக் குறைப்பது நிர்வாகத்துக்கு எளிது, கலைக்குக் கேடு. அந்த வழியை அவர்கள் தேர்ந்தெடுக்காதது சரி என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் 2013 அக்டோபரில் பீட்டர் ஸ்டார்க், கிறிஸ்டோபர் கோர்டன், டேவிட் பவல் ஆகிய மூவர் அரசு சாராமல் தயாரித்து வெளியிட்ட அறிக்கை, அந்தத் தலைப்பிலிருந்த 'அனைவருக்கும்' என்ற சொல்லின் நிலை என்ன என்பதைக் காட்டியது. கலை மன்றத்தின் மானியத்தையும் பண்பாட்டு அமைச்சகம் தேசிய அருங்காட்சியகங்களுக்கு நேரடியாகத் தரும் பணத்தையும் சேர்த்தால், லண்டனில் தலைக்குச் சுமார் 69 பவுண்டு. மற்ற இங்கிலாந்தில் 5 பவுண்டுக்கும் குறைவு.

இந்தக் கணக்குக்கு அன்றே மறுப்பு வந்தது. மறுப்பில் நியாயமும் உண்டு. தேசிய நாடக அரங்கும் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் லண்டனில் இருந்தாலும் லண்டன்வாசிகளுக்கு மட்டும் உரியவை அல்ல. நாடெங்குமிருந்து மக்கள் வருகிறார்கள். நாடகங்கள் சுற்றுப்பயணம் போகின்றன, திரையரங்குகளில் நேரலையாகின்றன. தலைநகரில் நிறுவனங்கள் குவிவது எந்த நாட்டிலும் ஓரளவு இயல்புதான். ஆனால் இத்தனை விளக்கங்களையும் ஏற்றுக்கொண்டாலும் 69-க்கும் 5-க்கும் இடையிலுள்ள தூரம் மறைந்துவிடாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வெளியிலிருந்து மூவர் வர வேண்டியிருந்தது என்பதுதான் திட்டம் தீட்டுவோர் கவனிக்க வேண்டிய இடம். மன்றத்திடம் தரவு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு மானியமும் பதிவாகியிருந்தது. 'அனைவருக்கும்' என்று தலைப்பு வைத்தபோதே அந்தப் பதிவை மக்கள்தொகையோடு ஒட்டிப் பார்த்து முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்தால், விவாதம் மூன்று ஆண்டு முன்பே, மன்றத்தின் தலைமையிலேயே நடந்திருக்கும். அந்த அறிக்கைக்குப் பின் மன்றம் லாட்டரி நிதியின் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக லண்டனுக்கு வெளியே நகர்த்தியது. அதற்கு முன்பே 2012-இல் தொடங்கிய 'மக்களும் இடங்களும்' என்ற திட்டமும் அந்தத் திசையில் நல்ல முயற்சி. கலைப் பங்கேற்பு மிகக் குறைவாக உள்ள ஐந்தில் ஒரு பங்குப் பகுதிகளை ஆய்வுத் தரவைக் கொண்டு கண்டறிந்து, அப்பகுதி அமைப்புகள் கூட்டாக விண்ணப்பிக்கவும், என்ன கலை வேண்டும் என்பதில் உள்ளூர் மக்களே பங்கெடுக்கவும் அது வழி செய்தது. இடத்தை முதலில் தேர்ந்துவிட்டுக் கலையைப் பிறகு தேர்ந்தார்கள். அந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தை நகர்த்துவது என்று முடிவெடுத்த பின்பும் தவறு நேரலாம் என்பதற்கு 2022 சான்று. அவ்வாண்டு பண்பாட்டு அமைச்சர், ஆண்டுக்கு 24 மில்லியன் பவுண்டை லண்டனிலிருந்து வெளியே கொண்டுபோகுமாறு மன்றத்துக்கு உத்தரவிட்டார். நவம்பர் 4-ஆம் தேதி பட்டியல் வெளிவந்தது: 990 அமைப்புகள், ஆண்டுக்கு 446 மில்லியன் பவுண்டு. ஆண்டுக்கு 12.6 மில்லியன் பவுண்டு பெற்றுவந்த இங்கிலீஷ் நேஷனல் ஆப்பெரா அதில் இல்லை. லண்டனை விட்டு வெளியேறினால் மூன்றாண்டுக்கு 17 மில்லியன் உண்டு என்று சொல்லப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு மாதங்களில் நிபந்தனைகள் தளர்ந்தன, கூடுதல் பணம் வந்தது, மான்செஸ்டர் என்று முடிவாக மேலும் ஓராண்டு ஆயிற்று. செய்தித்தாள்கள் இதையே பேசின. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அதே பட்டியலில் இருந்த வேறு இரண்டு வரிகள். நாட்டுப்புறத்தில் இயங்கும் கிளைண்ட்போர்ன் ஆப்பெராவின் மானியம் பாதியாயிற்று. அது நாரிச், கேன்டர்பரி, மில்டன் கீன்ஸ் முதலிய ஊர்களுக்குப் போய்வந்த தன் இலையுதிர்காலச் சுற்றுப்பயணத்தை 2023-இல் நிறுத்தியது. கார்டிஃபிலிருந்து இயங்கும் வெல்ஷ் நேஷனல் ஆப்பெராவுக்கு இங்கிலாந்து ஊர்களில் நிகழ்த்துவதற்காகவே தரப்பட்ட பணம் சுமார் 35 விழுக்காடு குறைந்தது. அது லிவர்பூல் போவதை நிறுத்திக்கொண்டது. பணம் தலைநகருக்கு வெளியே போகட்டும் என்று செய்த மாற்றத்தின் முடிவில், வெளியூர் ரசிகர்களுக்கு ஆப்பெரா குறைந்துபோயிற்று.

ஏன் இப்படி ஆயிற்று? கணக்கில் நிறுவனத்தின் முகவரி ஒரு பத்தியாக இருந்தது. பார்வையாளர் உட்கார்ந்திருக்கும் ஊர் அதே கனத்தோடு இன்னொரு பத்தியாக இல்லை. ஆகவே உங்கள் பட்டியலில் ஒவ்வொரு மானியத்துக்கும் குறைந்தது மூன்று இடங்களை எழுதுங்கள்: பணம் பெறும் அமைப்பு அல்லது கலைஞர் எந்த ஊர், நிகழ்ச்சி நடந்தது எந்த ஊர், அந்தப் பணத்தில் கூலியோ சம்பளமோ பெற்றவர்கள் எந்த ஊர். மூன்றும் ஒன்றாக இருந்தால் சிக்கல் இல்லை. பெரும்பாலும் ஒன்றாக இராது. 2007-இல் தொடங்கி, இடையில் நின்று, 2023 பொங்கலிலிருந்து மீண்டும் நடக்கும் சென்னை சங்கமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலைஞர்கள் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். ஊதியம் அவர்கள் வீட்டுக்குப் போகிறது. மேடையும் கூட்டமும் சென்னையில். இதை மாவட்டங்களுக்குச் செலவிட்டதாக எழுதுவதா, சென்னைக்குச் செலவிட்டதாக எழுதுவதா? இரண்டும் உண்மை, ஆனால் வேறு வேறு உண்மைகள். கலைஞரின் வருமானம் என்ற நோக்கில் அது மாவட்டச் செலவு. கலையைப் பார்க்கும் வாய்ப்பு என்ற நோக்கில் அது சென்னைச் செலவு. ஒரே பத்தியில் போட்டால் உங்களுக்கு வேண்டிய பதிலை அந்தப் பத்தி சொல்லும். மூன்று பத்தியில் போட்டால், ராமநாதபுரத்திலோ தருமபுரியிலோ ஒரு நல்ல பறையாட்டத்தை உள்ளூர் மக்கள் பார்க்கக் கடந்த ஆண்டு என்ன செய்தோம் என்ற கேள்வி தானாக எழும்.

பட்டியல் தயாரிக்கப் பெரிய மென்பொருள் வேண்டாம். வவுச்சர்களும் அரசாணை நகல்களும் பயனீட்டுச் சான்றிதழ்களும் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கின்றன. ஒரு மேற்பார்வையாளரும் இரண்டு உதவியாளர்களும் ஒரு எக்செல் தாளும் இருந்தால் மூன்று ஆண்டுக் கணக்கை எடுத்துவிடலாம். ஊரோடு கலை வகையையும், முதல் முறை பெறுகிறவரா ஏற்கெனவே பெற்றவரா என்பதையும், பணம் அனுமதிக்கப்பட்ட தேதியையும் வங்கிக் கணக்கில் ஏறிய தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி இரண்டு தேதிகளை யாரும் கேட்பதில்லை. திட்டமிடலில் அவை எவ்வளவு பேசும் என்பதைத் தெருக்கூத்தை வைத்துப் பார்க்கலாம்.

வட தமிழ்நாட்டில் கூத்துக் குழுவின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதில்லை. திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாக்கள் பங்குனி, சித்திரையில் சூடுபிடித்து ஆடி வரை நீள்கின்றன. பகலில் பாரதப் பிரசங்கம், இரவு முழுக்கக் கூத்து, நிறைவில் படுகளமும் தீமிதியும் என்று ஓர் ஊரில் முடித்த குழு அடுத்த ஊருக்குப் பெட்டியைத் தூக்கும். அந்த மாதங்களில் வாத்தியாருக்கும் கட்டை வேஷக்காரருக்கும் மத்தளக்காரருக்கும் தூங்கவே நேரமிராது. புரட்டாசிக்குப் பிறகு தை வரைக்கும் கைகள் காலியாக இருக்கும். புதிய பிள்ளைகளுக்கு அடவு சொல்லித் தருவதும், கல்யாண முருங்கைக் கட்டையில் கிரீடமும் புஜகீர்த்தியும் செதுக்கிக் கண்ணாடித் துண்டு ஒட்டுவதும், முகவீணைக்குச் சீவாளி தேடுவதும் அப்போதுதான். அரசு நிதியாண்டு என்ன செய்கிறது? ஜூன், ஜூலையில் அறிவிப்பு, செப்டம்பரில் விண்ணப்பம், டிசம்பரில் கூர்ந்தாய்வு, பிப்ரவரி, மார்ச்சில் அவசர அவசரமாகப் பட்டுவாடா என்பது பல துறைகளில் பழகிப்போன ஓட்டம். அதாவது பயிற்சிக்கும் உபகரணத்துக்கும் தரும் பணம், பயிற்சிக்காலம் முடிந்து திருவிழாக்காலம் தொடங்கும் வேளையில் கைக்கு வருகிறது. இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்கக் கலைஞர்களுக்கு உதவித்தொகை தரும் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு, அருமையான திட்டம். அத்தகைய உதவி ஐப்பசியில் கிடைத்தால் அது மத்தளமாகும். பங்குனியில் கிடைத்தால், ஏற்கெனவே வட்டிக்கு வாங்கிப் போட்ட மத்தளத்தின் கடன் அடையும். தொகை அதேதான், பயன் வேறு. ஆகவே உங்கள் திட்டத்தில் ஒவ்வொரு கலைக்கும் அதன் சொந்த நாட்காட்டியை வரைந்து, பட்டுவாடா தேதியை அதற்குள் பொருத்துங்கள். இதற்குக் கூடுதல் ஒரு ரூபாய் ஒதுக்கீடும் தேவையில்லை. ஏப்ரலிலேயே விண்ணப்பம் வாங்கும் ஒழுங்குதான் தேவை.

அடுத்தது எதைக் கைவிடுவது என்ற பகுதி. திட்ட ஆவணங்களில் இது இல்லாமலேயே போகிறது, ஏனெனில் இதை எழுதினால் யாரோ ஒருவர் மனம் புண்படும். எழுதாவிட்டாலும் ஒருவர் கைவிடப்படுகிறார். அவர் பெயர் உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மொத்தத் தொகை கூடாதபோது புதிதாக ஒரு மாவட்டத்துக்கோ ஒரு கலைக்கோ கொடுப்பது என்றால் வேறெங்கோ குறைய வேண்டும். அதை வெளிப்படையாகச் செய்யுங்கள். எந்த மானியம் எத்தனை ஆண்டில் எவ்வளவு குறையும், யார் அதை முடிவு செய்வார்கள், பாதிக்கப்படுவோர் எங்கே முறையிடலாம் என்பதைத் திட்டத்திலேயே சொல்லுங்கள். லண்டன் ஆப்பெரா விவகாரத்தில் முடிவு சரியா தவறா என்பதைவிடக் கால அவகாசம் இல்லாததே மன்றத்தின் மதிப்பைக் குலைத்தது என்பது என் முடிவு. சேர்ந்திசைப் பாடகர்களும் வாத்தியக் கலைஞர்களும் மேடைப் பணியாளர்களும் குடும்பத்தோடு வாழும் நகரத்தை மாற்று என்று சொல்ல ஒரு நவம்பர் அறிவிப்பு போதாது. குறைந்தது ஒரு முழு நிதியாண்டு முன்னறிவிப்பு, அதன்பின் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் படிப்படியான குறைப்பு என்பதை எழுதப்பட்ட விதியாக வைத்துக்கொள்ளுங்கள். தொகை சிறிதாக இருந்தாலும் இந்த விதி பொருந்தும். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் பெறும் கிராமியக் கலைப் பயிற்சி மையத்துக்கு அந்த ஐம்பதாயிரம்தான் வாடகை.

இனி அளவுகோல். சிங்கப்பூர் இதில் நல்ல பாடம் தருகிறது. தேசிய கலைகள் மன்றத்தை 1991-இல் அமைத்து, 2002-இல் எஸ்பிளனேடு அரங்கைத் திறந்து, பத்தாண்டுக்கு ஒருமுறை தன் கலைக் கொள்கையை மறுபரிசீலனை செய்துவரும் நாடு அது. 2012-இல் வெளிவந்த கலை பண்பாட்டு மறுஆய்வு அறிக்கை தெளிவான எண்களை வைத்தது: ஆண்டில் ஒரு கலை நிகழ்ச்சிக்காவது போகிறவர்கள் 40 விழுக்காட்டிலிருந்து 80 ஆகவும், தாமே கலையில் ஈடுபடுகிறவர்கள் 20-லிருந்து 50 ஆகவும் 2025-க்குள் உயர வேண்டும். இலக்கை எண்ணில் சொன்ன நேர்மையைப் பாராட்ட வேண்டும். 2015-இல், நாட்டின் பொன்விழா ஆண்டில், கருத்தாய்வு பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் நிகழ்ச்சிக்குப் போனதாகக் காட்டியது. பத்தாண்டு முன்னதாகவே இலக்கு எட்டியாயிற்று. 2017 கருத்தாய்வில் அது பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கிற்று. கொண்டாட்ட ஆண்டில் எங்கு திரும்பினாலும் இலவச நிகழ்ச்சி இருக்கும்போது போகிறவர்கள் கூடுவது இயல்பு. கலையோடு மக்களுக்குள்ள உறவு இரண்டே ஆண்டில் அத்தனை ஏறி இறங்கியிருக்க வாய்ப்பில்லை. 'ஒருமுறையாவது' என்ற அளவுகோல் அந்த உறவைத் தொடவே இல்லை.

அந்த ஒற்றை எண்ணில் இன்னொரு குறையும் உண்டு. சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களில் இந்திய இனத்தவர் சுமார் 9 விழுக்காடு. தமிழ் அவர்களில் ஒரு பகுதியினரின் மொழி. நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று என்பதால் மன்றத்தின் இலக்கியப் போட்டிகளிலும் பரிசுகளிலும் தமிழுக்குத் தனி இடம் இருக்கிறது. அந்தத் தனிக் கணக்கே தமிழ் எழுத்தாளர்களைப் பார்வையில் வைத்திருக்கிறது. ஆனால் நாடு முழுவதற்குமான வருகை விழுக்காட்டில் தமிழ் நாடகத்துக்குக் கூட்டம் இரட்டிப்பானாலும் பாதியானாலும் தசமப் புள்ளிக்குப் பின்னால்தான் தெரியும். சிறிய கலைகளை, சிறிய மொழிகளை, சிறிய ஊர்களைச் சராசரி விழுங்கிவிடும். எனவே அளவுகோலை வரிவரியாக வையுங்கள்: தோல்பாவைக் கூத்தில் முப்பது வயதுக்குட்பட்ட கலைஞர் எத்தனை பேர், கணியான் கூத்துக் குழுக்களில் ஆண்டு முழுக்க வேறு வேலைக்குப் போகாமல் வாழ முடிந்தவர் எத்தனை பேர், ஒரே ஊரில் இரண்டாம் ஆண்டும் மக்கள் தாமே பணம் திரட்டி நிகழ்ச்சி வைத்தார்களா. இவை எண்ணிக்கையில் சிறியவை. ஆனால் ஐந்தாண்டில் உண்மையாகவே கூடினவா குறைந்தனவா என்று சொல்லக்கூடியவை.

இத்தனை கணக்குப் பார்த்தால் தரம் என்னாவது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கலையைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு வைத்தால் நல்ல கலைஞனும் சாதாரணக் கலைஞனும் ஒன்றாகிவிடுவார்களே என்பது அவர்கள் கவலை. கவலை நியாயமானது, ஆனால் இரண்டு வெவ்வேறு முடிவுகளை அது ஒன்றாக்குகிறது. எந்த மாவட்டத்துக்கு, எந்தக் கலைக்கு, எவ்வளவு என்பது பொதுப்பணம் பற்றிய முடிவு; அதை மக்களுக்குப் பதில் சொல்லும் அமைப்பு எடுக்க வேண்டும். அந்த வரிக்குள் யாருக்கு என்பது கலை பற்றிய முடிவு. அதை அந்தக் கலை தெரிந்தவர்கள் எடுக்க வேண்டும். கரகாட்டக் கலைஞரை மதிப்பிடக் கரகம் தெரிந்தவர் குழுவில் இருக்க வேண்டும் என்பது தரத்தைக் காக்கும் விதி. கரகாட்டத்துக்கு எவ்வளவு என்பதையும் சபா இசை மட்டுமே அறிந்த குழு முடிவு செய்வதுதான் தரத்தின் பெயரால் நடக்கும் அநீதி. விண்ணப்பப் படிவமும் இதில் சேரும். சங்கப் பதிவும் மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கையும் கட்டாயம் என்று எழுதினால், தணிக்கையாளர் இருக்கும் நகரத்துக் குழுக்களே பட்டியலில் நிற்கும். தேர்வுக் குழு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அது பார்ப்பது ஏற்கெனவே சல்லடையில் சலித்த பெயர்களை. ஒரு லட்சத்துக்குக் கீழ்ப்பட்ட மானியங்களுக்கு வங்கிக் கணக்கும் கோயில் அல்லது ஊராட்சிச் சான்றும் போதும் என்று விதியைத் தளர்த்த அமைப்பு தன் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டு அரசின் ஒப்புதல் கேட்கலாம்.

கடினமான மறுப்பு வேறொன்று: திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அமைச்சர் மாறினால், செயலாளர் மாறினால், பட்ஜெட் ஆண்டுக்கு ஆண்டு வந்தால், ஐந்தாண்டு என்பதற்கே பொருள் இல்லை என்பார்கள். இந்தியாவின் தேசிய அகாதெமிகளின் வரலாறு இந்த அவநம்பிக்கைக்கு இடம் தருகிறது. சங்கீத நாடக அகாதெமி 1953-லும் சாகித்திய, லலித் கலா அகாதெமிகள் 1954-லும் தொடங்கின. 1964-இல் பாபா குழு, 1972-இல் கோஸ்லா குழு, 1990-இல் ஹக்சர் குழு, 2014-இல் அபிஜித் சென்குப்தா தலைமையிலான உயர்மட்டக் குழு என்று அறிக்கைகள் வந்தபடியே இருந்தன. ஒவ்வொரு குழுவும் முந்தையதன் கேள்விகளில் பலவற்றைத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் இதிலிருந்து திட்டமே வீண் என்ற முடிவுக்கு வருவது தவறு. அமைப்பின் நிர்வாகம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, எந்தக் கணக்குத் தலைப்பில் எந்த ஆண்டில் எவ்வளவு மாறும் என்று எழுதாத அறிக்கை, அடுத்த குழுவுக்கான வேலையாகத்தான் மிஞ்சும். பட்ஜெட் ஆண்டுதோறும்தான் வரும் என்றால், திட்டத்தை முன்னுரிமை வரிசையாக எழுதுங்கள். போன ஆண்டுத் தொகையே வந்தால் இவை. பத்து விழுக்காடு குறைந்தால் முதலில் இது நிற்கும், அடுத்து அது. பத்து விழுக்காடு கூடினால் முதலில் இந்த மாவட்டம். நலிந்த கலைஞர்களின் மாத உதவித்தொகை போன்றவை எந்த நிலையிலும் தொடக்கூடாதவை என்று தனியே குறித்துவிடுங்கள். இந்த வரிசை முன்கூட்டியே அச்சில் இருந்தால், புதிதாக வரும் அமைச்சர் அதை மாற்ற உரிமையுள்ளவர்தான், ஆனால் மாற்றுகிறேன் என்று சொல்லி மாற்ற வேண்டியிருக்கும். கலை அமைப்புக்குத் தன்னாட்சி என்று நடைமுறையில் கிடைப்பது அவ்வளவே, அதுவே பெரிது.

அடுத்த பயிலரங்குக்குத் தேதி குறிப்பதற்கு முன் கணக்குப் பிரிவிலிருந்து மூன்று ஆண்டு வவுச்சர்களைக் கேட்டு வாங்குங்கள். மாவட்டவாரிப் பட்டியல் முடியும் வரை தொலைநோக்கு வாசகம் எழுத யாரையும் உட்கார வைக்காதீர்கள். பட்டியல் முடிந்ததும் அதை அலுவலகத்துக்குள் பூட்டி வைக்காமல் இணையத்திலும் மாவட்ட அலுவலகப் பலகையிலும் வெளியிடுங்கள். தன் மாவட்டத்துக்கு நேரே சுழியம் இருப்பதைப் பார்த்துக் கேள்வி கேட்க வரும் கலைஞரைத் திட்டக் குழுவின் முதல் கூட்டத்துக்கு அழையுங்கள். பயணப்படியும் அன்றைய கூலியும் கொடுத்து அழையுங்கள்.